கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் குறுநிரல்கள்

கணினியை இயக்கியவுடன், எவரும் விசைப்பலகையைத் தொடாமலேயே, முன்கூட்டி எழுதி வைத்த கட்டளைகள் வரிசையாக நிறைவேறும்படி அமைப்பது தொடக்கத் தன்னியக்கம் எனப்படும். அக்கட்டளைகளைக் கொண்ட சிறிய கோப்பே தொடக்கக் குறுநிரல். வழக்கில் இதை ‘ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்’ என்பர். குறுநிரலைத் திறந்தால் உள்ளே இருப்பது படிக்கக்கூடிய எழுத்துகளே. நோட்பேடு போன்ற எந்த உரைத்தொகுப்பியிலும் அதை எழுதலாம், திருத்தலாம். விண்டோஸில் பேட்ச் கோப்பும் பவர்ஷெல்லும், லினக்ஸில் ஷெல்லும் பைத்தானும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோர் பலர் இவ்வசதியைப் பெயர் அறியாமலேயே நெடுநாளாகக் கையாண்டு வருகின்றனர். எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை நிறுவியபின், கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை தாமாகவே வந்து கடிகாரத்தின் அருகே அமர்ந்துகொள்வது இவ்வகை ஏற்பாட்டால்தான். அவை குறுநிரல்கள் அல்ல, முழு மென்பொருள்கள். ஆயினும் நுழையும் வாசல் ஒன்றே.

தொடக்கக் குறுநிரலை எழுதுவது எளிது. பத்து வரி போதும். அது உரிய வேளையில், உரிய அனுமதியோடு, யாருடைய துணையும் இன்றி ஓட வேண்டும் என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

ஆள் இல்லாத நேரம்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வசிப்போருக்கு நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்பு நன்கு பழக்கமானது. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் தெருக்களின் பட்டியல் அதில் இருக்கும். வீட்டில் மின்விசிறி நிற்பதோடு சரி. கணினியை நம்பி நடக்கும் தொழிலில் அப்படியில்லை. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உற்பத்திக் கணக்கைப் பதியும் பட்டறைக் கணினி, நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் லாரியின் எடையை அச்சிடும் கணினி, மருந்துக் கடையின் பில் போடும் கணினி, பள்ளி ஆய்வகத்தின் பத்துக் கணினிகள் ஆகிய எல்லாம் 2 மணிக்கு மின்சாரம் வந்ததும் பழையபடி வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்நேரத்தில் அவற்றின் முன் விவரம் தெரிந்த ஆள் இருப்பார் என்ற உறுதியில்லை. எடைமேடையில் அமர்ந்திருப்பவருக்குத் திரையில் எண் வந்தால்தான் வேலை ஓடும். அது ஏன் வரவில்லை என்று தேடுவது அவர் வேலையன்று. அதற்குள் வெளியே லாரிகள் வரிசை கட்டிவிடும்.

இது 5 மணிநேர மின்தடை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழைநீர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோதும் பல இடங்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. அத்தனை நாள் கழித்து இயங்கும் கணினியில் எந்த நிரலை எந்த வரிசையில் திறப்பது என்பது ஒரே ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் வரும்வரை வேலை நிற்கும்.

தொடக்கக் குறுநிரல் பயன்பட வேண்டுமானால் முதலில் கணினியே தானாக இயங்க வேண்டும். மேசைக் கணினிகளின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்வது என்ற தெரிவு பெரும்பாலும் இருக்கும். அணைந்தே இரு, இயங்கு, முன்பிருந்த நிலைக்குத் திரும்பு என மூன்று விடைகள். தாய்ப்பலகை தயாரிப்பாளரைப் பொறுத்து இதன் பெயர் மாறும். ‘ஏசி பவர் லாஸ்’ என்ற சொற்கள் உள்ள வரியைத் தேடினால் கிடைக்கும். பல கணினிகளில் இது ‘அணைந்தே இரு’ என்ற நிலையில்தான் வருகிறது. இதை மாற்றாமல் எவ்வளவு நேர்த்தியான குறுநிரல் எழுதினாலும் பயனில்லை.

இதே அம்பத்தூரில் இன்று என்டிடி உள்ளிட்ட நிறுவனங்களின் பெரிய தரவு மையங்களும் உள்ளன. அங்கே மாற்று மின்சாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் தரவு மையம் எதிலும் வழங்கி ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து கட்டளை இடுவதில்லை. புதிதாக உருவாக்கப்படும் மெய்நிகர் கணினி முதன்முறை கண்விழிக்கும்போதே தன் பெயர், பயனர் கணக்கு, நிறுவ வேண்டிய மென்பொருள் ஆகியவற்றைத் தானே அமைத்துக்கொள்கிறது. லினக்ஸ் வழங்கிகளில் கிளவுட்-இனிட் என்னும் கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. எடைமேடைக் கணினிக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

தொடங்கும் வரிசை

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள பயாஸ். இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, வட்டில் உள்ள தொடக்க ஏற்றியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஏற்றி, இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. கெர்னல் தன் முதல் செயல்முறையைத் தொடங்கி வைக்கிறது. லினக்ஸில் அந்தச் செயல்முறையின் எண் 1. பயனர் காணும் நிரல்கள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. பின்னர் அச்சுப்பொறி, பிணையம், கடிகாரம் போன்ற பின்னணிச் சேவைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. அதன்பின் கடவுச்சொல் கேட்கும் திரை. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் பயனரின் திரைமுகப்பு.

இதில் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு கடவுச்சொல் திரை. அதற்கு முன் ஓடும் குறுநிரல் கணினிக்கு உரியது: உள்நுழைய யாரும் தேவையில்லை, ஆனால் திரையும் கிடையாது. அதற்குப் பின் ஓடுவது குறிப்பிட்ட பயனருக்கு உரியது: திரை உண்டு, ஒலி உண்டு, ஆனால் அவர் உள்நுழையும்வரை அது பிறக்காது. தமிழ் விசைப்பலகையை அமைக்கும் குறுநிரலைக் கோட்டுக்கு முன் வைத்தால் பயனில்லை. எடைமேடையின் தரவை மைய வழங்கிக்கு அனுப்பும் குறுநிரலைக் கோட்டுக்குப் பின் வைத்தால், யாராவது கடவுச்சொல் கொடுக்கும்வரை ஒன்றும் நடக்காது. எந்தப் பக்கம் என்று முடிவு செய்தபின் எழுதத் தொடங்குவதே முறை.

பழைய வடிவங்கள்

இந்த எண்ணம் 1960களிலேயே தோன்றிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இயங்கிய சி.டி.எஸ்.எஸ். என்னும் கணினி அமைப்பில், கட்டளைகளைக் கோப்பில் எழுதி வைத்து வரிசையாக ஓட்டும் ‘ரன்காம்’ என்ற வசதியைப் பிரெஞ்சுக்காரரான லூயி பூசான் உருவாக்கினார். பின்னர் வந்த யுனிக்ஸில் தொடக்கக் கோப்புக்கு ‘ஆர்சி’ என்று பெயரிட்டது அந்த ரன்காமின் சுருக்கமாகத்தான். இன்றைய லினக்ஸ் கணினியிலும் ஆர்சி என்ற ஈரெழுத்தில் முடியும் கோப்புகள் பல உண்டு. பொருள் மறந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1980களிலும் 1990களிலும் கணினி கற்றவர்களுக்கு நினைவிருப்பது டாஸின் ‘ஆட்டோஎக்ஸெக்.பேட்’. முதன்மை அடைவில் அப்பெயரில் ஒரு கோப்பு இருந்தால் டாஸ் அதைத் தானாக ஓட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தேதி என்ன, நேரம் என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.

விண்டோஸில்

மிக எளிய வழி ‘ஸ்டார்ட்அப்’ கோப்புறை. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருசேர அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால் அக்கோப்புறை திறக்கும். அதில் குறுநிரலையோ அதற்கான குறுக்குவழியையோ போட்டால், அந்தப் பயனர் உள்நுழையும்போதெல்லாம் அது ஓடும். எல்லாப் பயனருக்கும் பொதுவான கோப்புறை தனியே உண்டு. ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற பகுதியில் பதிவதும் இதே பயனைத் தரும். இவை யாவும் உள்நுழைவுக்குப் பிந்தியவை. ஆளில்லாத கணினியில் இவற்றை ஓட வைப்பதற்காகச் சிலர் கடவுச்சொல்லையே நீக்கிவிடுகின்றனர். பில் போடும் கணினியில் அப்படிச் செய்வது கல்லாப்பெட்டியைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

உள்நுழைவுக்கு முன்பே ஓட வேண்டுமானால் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்னும் பணி அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். புதிய பணியை உருவாக்கி, தூண்டுதலாகக் ‘கணினி தொடங்கும்போது’ என்பதைத் தெரிவு செய்து, பயனர் உள்நுழையாவிட்டாலும் இயக்கு என்ற குறியை இட வேண்டும். அதே பட்டியலில் ‘உள்நுழையும்போது’ என்று இன்னொரு தெரிவு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம்.

இங்கே இரண்டு கண்ணிகள் உள்ளன. முதலாவது, பணி அட்டவணையின் நிபந்தனைகள் பக்கத்தில் ‘மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும் தொடங்கு’ என்ற குறி இயல்பாகவே இடப்பட்டிருக்கும். மேசைக் கணினிக்கு இதனால் தொல்லையில்லை. மடிக்கணினியில், மின்தடை நேரத்தில் மின்கலத்தின் துணையோடு தொடங்கினால், பணி ஓசையின்றி நின்றுவிடும். மின்தடைக்காகவே எழுதிய குறுநிரல் மின்தடையின்போது மட்டும் ஓடாமல் போகும் விந்தை இதனால் நேர்கிறது. அக்குறியை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்கம். இவ்வசதி இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுமையாக அணைவதில்லை; கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்து எழுகிறது. ஆகவே ‘கணினி தொடங்கும்போது’ என்று அமைத்த பணி, அணைத்துத் திறக்கும்போது ஓடாமல், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டும் ஓடுவதுண்டு. மின்தேர்வுகள் அமைப்பில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்தினால் இக்குழப்பம் தீரும்.

பவர்ஷெல் குறுநிரல்களுக்கு மேலும் ஒரு தடை. பயனர் கணினிகளில் அவற்றை ஓட்ட இயல்பாக அனுமதி இருப்பதில்லை. இருமுறை சொடுக்கினால் நோட்பேடில் திறந்துகொள்ளும். இது குறையன்று, பாதுகாப்புக்காகச் செய்தது. பணியின் கட்டளை வரியிலேயே அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி தருவது போதும். கணினி முழுவதற்கும் திறந்துவிடத் தேவையில்லை.

லினக்ஸில்

தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அரசு வழங்கிய மடிக்கணினி வழியாக. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் அம்மாவட்டத்தவை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ், முதலில் 2007இல் வெளிவந்தது. கணினியைத் திறந்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கருப்புத் திரையில், பாஸ் என்ற வரியை ஒருமுறையும் தொடாமலேயே பள்ளிப்படிப்பை முடித்தவர்களும் உண்டு. தொட்டவர்களுக்கு, தொடக்கம் என்பது என்ன என்று கண்ணால் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடைத்திருக்காது. லினக்ஸில் இதன் ஒவ்வொரு படியும் திறந்து படிக்கக்கூடிய கோப்பாகவே இருக்கிறது.

அக்காலத்து டெபியன் வழித்தோன்றல்களில் தொடக்கக் குறுநிரல்கள் ‘இனிட்.டி’ என்ற அடைவில் இருந்தன. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்ற வரிசை, கோப்புப் பெயரின் முன்னால் இட்ட எண்ணால் குறிக்கப்பட்டது. 2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் சிஸ்டம்டி என்னும் புதிய அமைப்பை முன்வைத்தனர். கடும் விவாதத்துக்குப் பின் டெபியனும் உபுண்டுவும் 2015 ஏப்ரலில் வெளியிட்ட பதிப்புகளிலிருந்து அதையே இயல்பான அமைப்பாக ஏற்றன.

சிஸ்டம்டியில் குறுநிரலோடு ‘சேவைக் கோப்பு’ ஒன்றையும் எழுத வேண்டும். எந்தக் குறுநிரலை ஓட்டுவது, யார் பெயரில், எதற்குப் பின், நின்றுபோனால் மீண்டும் தொடங்குவதா என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் விடை இருக்கும். பின்னர் ‘எனேபிள்’ என்ற கட்டளையால் அதைத் தொடக்க வரிசையில் சேர்க்க வேண்டும். ‘ஸ்டார்ட்’ கட்டளை இப்போதைக்கு மட்டும் ஓட்டும். ‘எனேபிள்’ அடுத்த தொடக்கத்திலிருந்து ஓட்டும். முன்னதை மட்டும் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் காலையில் உண்மையை அறிவர்.

இவ்வளவு எழுதத் தயங்குவோர்க்கு கிரான் என்னும் பழைய கால அட்டவணை உண்டு. அதில் ‘ரீபூட்’ என்ற சொல்லின் முன் அட்-குறியிட்டு, அதே வரியில் குறுநிரலின் முழு முகவரியை எழுதினால் போதும். ஆர்சி.லோக்கல் என்ற கோப்பு இன்னும் பழைய வழி. புதிய பதிப்புகள் பலவற்றில் அது இயல்பாக இருப்பதில்லை. உள்நுழைந்தபின் ஓட வேண்டியவற்றுக்குத் திரைமுகப்பின் ‘ஆட்டோஸ்டார்ட்’ கோப்புறை இருக்கிறது.

கையால் ஓட்டினால் ஓடும், தானாக ஓடாது

பூந்தமல்லி, ஆவடி, திருவேற்காடு வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் பல. இறுதியாண்டுச் செயல்திட்டம் என்றால் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கைக் கணினி இல்லாமல் முடிவது அரிது. மாணவர் தம் அறையில் ஓட்டிப் பார்ப்பார், நன்றாக ஓடும். தேர்வாளர் முன் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் மின்சாரம் கொடுப்பார். விளக்கு மட்டும் எரியும். குறுநிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதைச் சுற்றியிருந்த சூழல்.

முனையத்தைத் திறந்து கட்டளை இடும்போது, பயனர் அறியாமலேயே பலவற்றைக் கூடவே தருகிறார். தாம் எந்த அடைவில் நிற்கிறார் என்பது ஒன்று. நிரல்களை எங்கெங்கே தேடலாம் என்ற ‘பாத்’ பட்டியல் மற்றொன்று. தம் அனுமதி, தம் மொழி அமைப்பு, இணைந்துவிட்ட வைஃபை, திறந்திருக்கும் திரை என்று வரிசை நீளும். தொடக்கத்தில் ஓடும் குறுநிரலுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. கிரான் தரும் பாத் பட்டியலில் பொதுவாக இரண்டே அடைவுகள்தான். ஆகவே கோப்புகளையும் நிரல்களையும் முழு முகவரியோடு எழுத வேண்டும். விண்டோஸில் இசட் என்ற எழுத்தில் இணைத்து வைத்த பகிர்வுக் கோப்புறை, கணினியின் பெயரால் ஓடும் பணிக்குத் தெரியாது. வழங்கியின் பெயரோடு முழு முகவரி தர வேண்டும். அப்பகிர்வுக்கான கடவுச்சொல்லைக் குறுநிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதும் நடக்கிறது. அக்கோப்பைத் திறக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம்.

லினக்ஸில் மற்றொரு நுட்பம்: முனையத்தில் பயனர் பேசுவது பாஷ் என்னும் ஷெல்லோடு. டெபியனிலும் உபுண்டுவிலும் கிரான் அழைப்பதோ டாஷ் என்னும் எளிய ஷெல்லை. பாஷுக்கே உரிய சொல்வழக்கில் எழுதிய வரி டாஷுக்குப் புரியாது. எந்த ஷெல் வேண்டும் என்பதைக் குறுநிரலின் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். இயக்க அனுமதியையும் தர வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது பிணையம். கணினி எழுந்த சில நொடிகளில் குறுநிரல் ஓடிவிடுகிறது. வைஃபை இணைய மேலும் பல நொடிகள் ஆகும். மின்தடைக்குப் பின் நிலைமை இன்னும் மோசம்: கணினியும் திசைவியும் ஒரே நேரத்தில் எழுகின்றன, திசைவி தயாராக ஓரிரு நிமிடம்கூட எடுக்கும். சோதனையின்போது திசைவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் இது தெரிந்திருக்காது. சிலர் குறுநிரலின் தொடக்கத்தில் 30 நொடி காத்திரு என்று எழுதிச் சமாளிக்கின்றனர். பெரும்பாலும் ஓடும், திசைவி தாமதிக்கும் நாளில் ஓடாது. சிஸ்டம்டியில் ‘பிணையம் இணைந்த பின்’ என்று சேவைக் கோப்பில் சொல்ல வழி உண்டு. அதுவும் கணினிக்கு முகவரி கிடைத்ததைத்தான் குறிக்கும், வெளியே இணையம் வந்துவிட்டதை அன்று. வழங்கியை எட்ட முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் சற்றுக் காத்து மீண்டும் முயன்று, குறிப்பிட்ட தடவைகளுக்குப் பின் தோல்வியைப் பதிந்துவிட்டு நிற்பதே நல்ல குறுநிரலின் இலக்கணம்.

பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். உடனே பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். அவற்றின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கணினி நினைக்கிறது. பில்லில் தவறான தேதி அச்சாகும். இதற்காகக் கடிகாரத்தைத் திருத்தும் குறுநிரல் எழுதுவோர் உண்டு. லினக்ஸில் அதற்கான சேவை ஏற்கெனவே இருக்கிறது, இயக்கிவிட்டால் போதும். மின்கலத்தை மாற்றுவது அதைவிட எளிது. தொடக்கக் குறுநிரல்களில் கணிசமானவை, வேறிடத்தில் சரிசெய்ய வேண்டிய பழுதை மூடி வைப்பதற்காக எழுதப்பட்டவையே.

ஓடாதபோது காரணத்தை அறியத் திரை உதவாது. குறுநிரல் தான் செய்வதையும் காணும் பிழைகளையும் தேதி, நேரத்தோடு ஒரு பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்படி அமைக்க வேண்டும். சிஸ்டம்டி இதைத் தானே செய்கிறது. ‘ஜர்னல்’ என்ற அதன் குறிப்பேட்டில், ஒரு குறிப்பிட்ட சேவை சொன்னதை மட்டும் பிரித்துப் படிக்கலாம்.

அதே வாசலில் நுழைபவை

அழைக்காமலே ஓடுவது நச்சுநிரலுக்கும் தேவையான வசதி. 2000 மே 4 அன்று உலகெங்கும் மின்னஞ்சலில் பரவிய ‘ஐ லவ் யூ’ ஒரு முழு மென்பொருள்கூட இல்லை. விஷுவல் பேசிக்கில் எழுதிய குறுநிரல். இணைப்பைத் திறந்தவுடன் அது செய்தவற்றுள் ஒன்று, ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பகுதியில் தன் பெயரைப் பதிந்துகொண்டது.

அதன்பின் வந்தது பென்டிரைவின் காலம். செருகியவுடன் எதை ஓட்டுவது என்று சொல்லும் ‘ஆட்டோரன்’ கோப்பைப் பயன்படுத்தி, ஜெராக்ஸ் கடைக் கணினியிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வீட்டுக்கும் நச்சுநிரல்கள் பயணம் செய்தன. 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் இற்றைப்பாடு அனுப்பி, பென்டிரைவில் ஆட்டோரன்னை நிறுத்தியது.

ஆகவே தொடக்கத்தில் என்னென்ன ஓடுகின்றன என்பதை அவ்வப்போது பார்ப்பது நல்லது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பக்கம் ஓரளவு காட்டும்; மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ என்னும் கருவி பணி அட்டவணை, சேவைகள் உட்பட ஏறத்தாழ எல்லா வாசல்களையும் காட்டும்.

வெளியிலிருந்து வரும் நச்சுநிரலைவிட ஆய்வகங்களில் அதிகம் கவனிக்கப்படாதது கோப்பு அனுமதி. தொடக்கக் குறுநிரல் ரூட் அல்லது சிஸ்டம் என்ற உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. அக்கோப்பு எல்லோரும் திருத்தக்கூடிய அடைவில் இருந்தால், மாணவர் எவரும் அதில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யலாம். அடுத்த நொடி அந்த வரி நிருவாகியின் அதிகாரத்தோடு நிறைவேறும். கடவுச்சொல்லை உடைக்கும் திறமை எதுவும் அதற்குத் தேவையில்லை. குறுநிரலையும், அது இருக்கும் அடைவையும், அது அழைக்கும் பிற கோப்புகளையும் நிருவாகி மட்டுமே திருத்தும்படி வைக்க வேண்டும். ரூட் அதிகாரம் தேவைப்படாத வேலைக்கு அதைத் தரவும் கூடாது. தரவை அனுப்பும் குறுநிரலுக்கென்று அனுமதி குறைந்த தனிப் பயனர் கணக்கு போதும்.

எழாத கணினி

வேறு நேரத்தில் ஓடும் நிரல் பழுதானால் அதை மூடிவிடலாம். தொடக்கத்தில் ஓடுவது பழுதானால், மூடுவதற்கான திரையே வராமல் போகலாம். ‘தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்துக’ என்று கேட்கும் ஒரு வரி குறுநிரலில் தங்கிவிட்டால், பார்க்க யாருமில்லாத இடத்தில் அது என்றென்றைக்கும் காத்திருக்கும். செருகாத வட்டையோ எட்டாத பகிர்வையோ தொடக்கத்தில் இணைக்கும்படி லினக்ஸின் வட்டுப் பட்டியலில் எழுதியிருந்தால், 90 நொடி காத்துவிட்டு அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். ‘நோஃபெயில்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் அது கிடைக்காவிட்டாலும் தொடக்கம் நிற்காது. கணினியை அணைக்கும் கட்டளையை நண்பனின் ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டு வைப்பது மாணவரிடையே பழைய குறும்பு. திறந்ததும் அணையும், மறுபடி திறந்தால் மறுபடி அணையும்.

இதன் மிகப் பெரிய வடிவத்தை உலகம் 2024 ஜூலை 19 அன்று கண்டது. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸ் எழும்போதே எழுந்துவிடும் இயக்கியைக் கொண்டது. அதற்கு அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. மறுதொடக்கம் செய்தாலும் அதே இயக்கி மீண்டும் எழுந்து மீண்டும் முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு தரப்பட்டது. பழுதான கோப்பு திருத்தப்பட்டுவிட்டபோதிலும், முடங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போய்ச் சேர வழியில்லை. ஆள்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து, ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாதுகாப்புப் பயன்முறைதான் வீட்டுக் கணினிக்கும் தப்பும் வழி. விண்டோஸில் ‘சேஃப் மோடு’ ஸ்டார்ட்அப் கோப்புறையையும் ரன் பகுதியையும் தாண்டிச் செல்லும். லினக்ஸில் தொடக்க ஏற்றியின் பட்டியலில் மீட்புப் பயன்முறை பெரும்பாலும் இரண்டாவது வரிசையில் கிடைக்கும். இரண்டுக்கும் நிருவாகியின் கடவுச்சொல் தேவைப்படலாம் என்பதால், அதை எழுதிய தாளும் சேர்த்த குறுநிரலின் பெயரும் இருப்பிடமும் கணினியை அமைத்தவரிடம் மட்டுமின்றி, அலுவலகத்தின் பூட்டிய மேசையிலும் இருக்க வேண்டும்.

புதிய தொடக்கக் குறுநிரலை மூன்று விதமாகச் சோதிப்பது வழக்கம். முதலில் மறுதொடக்கம் செய்து பார்ப்பது. அடுத்து முழுமையாக அணைத்துத் திறப்பது. மூன்றாவது, வேலை எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, முறைப்படி அணைத்தபின், திசைவியையும் சேர்த்து அறையின் முதன்மை மின்விசையை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் போடுவது. பிற்பகல் 2 மணிக்கு நடப்பதை ஒத்திருப்பது இந்த மூன்றாவதுதான். பயாஸில் ‘முன்பிருந்த நிலைக்குத் திரும்பு’ என்று வைத்திருந்தால் மட்டும் இச்சோதனையில் கணினி எழாது, ஏனெனில் முன்பிருந்த நிலை அணைந்த நிலை. யுபிஎஸ் மின்கலம் தீர்ந்து கணினியை முறைப்படி அணைக்கும் இடங்களிலும் இதுவே நடக்கும். அங்கெல்லாம் ‘இயங்கு’ என்ற தெரிவையே வைக்க வேண்டும்.